அம்மா வேண்டிக்கொண்ட இங்கிலீஷ் சொல்

இரும்புப் பெட்டி திறந்து நாப்தலின் உருண்டை வாசம் வீடெல்லாம் பரவினால், அப்பா தன் பழைய ராணுவக் கோட்டை எடுத்துவிட்டார், மறுநாள் ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கூடி அவரைப் பரிசோதிக்கும் 'போர்டு' இருக்கிறது என்று அர்த்தம். கட்கியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த எங்கள் தகர வீட்டில் அந்த நாட்களில் எல்லோரும் காத்துக் கிடந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான்: 'அக்ரவேட்டட்'. அப்பாவுக்குச் சிறு வயதிலேயே லேசாக இருந்த மூச்சிளைப்பு, பனிமலையில் காவல் நின்றதால்தான் முற்றியது என்று டாக்டர்கள் அந்தச் சொல்லால் ஒப்புக்கொண்டால் ஊனப் பென்ஷன் கிடைக்கும். இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாத அப்பாவையும் என் படிப்பையும் அம்மாவின் தையல் மிஷினே இழுத்தாக வேண்டும்.

பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் அதற்கு 'மேலும் மோசமானது' என்று பொருள் சொன்னார். நாங்கள் கூச்சல் போட்டுக் கடுப்பேற்றிய நாளில் தன்னைப் பற்றியும் அதையே சொன்னார். இரண்டில் எதுவும் நல்லதாக எனக்குத் தோன்றவில்லை. அம்மாவோ அதற்காகத்தான் மாரியம்மன் கோவிலில் வாராவாரம் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற அப்பா, அதிகாரிகளைப் பார்த்ததும் மூச்சை அடக்கி விறைத்து நிற்பாராம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'டீக் ஹூம் ஸாப்', நன்றாக இருக்கிறேன் ஐயா, என்பாராம். முந்தைய போர்டில் காரியம் கெட்டதே அதனால்தான்.

"ஏங்க, அங்கயாவது கொஞ்சம் இருமித் தொலைங்களேன்" என்று அம்மா கெஞ்சுவாள்.

"ஆபீசர் முன்னாடி எவனாவது இருமுவானாடி?"

கடைசிப் போர்டுக்கு நானும் துணைக்குப் போனேன். உள்ளே வழக்கம்போல் விறைப்பாக நின்றுவிட்டு வெளியே வந்தவர், வராந்தாவில் அப்படியே சுவரோடு சரிந்தார். பின்னாலேயே வந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். சில வாரங்களில் அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அம்மா அழுதுகொண்டே வீடு வீடாகப் பேடா கொடுத்தாள். நாங்கள் சித்தி முறையில் 'காக்கு' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்காரி வாசலில் நின்று அப்பாவுக்கு வாழ்த்துச் சொன்னாள். "சீக்குக்கு எவனாவது ஸ்வீட் குடுப்பானா?" என்று அப்பா சிடுசிடுத்தார், பேடாவைத் தொடவே இல்லை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் அவர் பங்கையும் நானே தின்றேன்.

இப்போது நானும் அம்மாவும் வானவடியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். அந்தத் தகர வீடுகள் போய்விட்டன, அப்பாவும் போய்விட்டார். அவருடைய பென்ஷன்தான் என்னை இன்ஜினியராக்கியது. ஆனால் எவ்வளவு யோசித்தாலும், அவர் உடம்பு தேற வேண்டும் என்று அந்த வீட்டில் யாராவது சாமி கும்பிட்டது நினைவுக்கு வரவில்லை. கும்பிட்டிருப்போம்தான். அம்மாவிடம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது.