மூன்று முறை தோற்ற எங்கள் புரக்டர்

கல்முனை பஸ் டிப்போவில் திருக்கோவில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் வந்தது. இறந்தவரின் பெயர் சரியாகக் காதில் விழவில்லை. பக்கத்தில் பழம் விற்றுக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்துவிட்டு, "எங்கட புரக்டர் போயிட்டார்" என்றார். அந்தப் பழக்காரர் ஆளுங்கட்சிக்காரர், எங்கள் கட்சிக்கு ஒருநாளும் வாக்குப் போட்டவரல்ல. அவருடைய கண்தான் என்னுடையதற்கு முன்னால் கலங்கியது.

புரக்டர் என்று ஊரே அழைத்த சட்டத்தரணி இஸ்மாலெவ்வையை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருடம் இந்தக் கரையோரத்தில் எங்கள் சிறிய எதிர்க்கட்சிக்குத் தலைவராக இருந்தார். மூன்று தேர்தலில் நின்றார், மூன்றிலும் தோற்றார். காரைதீவில் அச்சகம் வைத்திருந்த நான், அவருக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுக்கப் போய்க் கட்சிச் செயலாளர் ஆனவன்.

முதல் தோல்விக்கு அடுத்த சிறுபோக நெல் வேளாண்மையின்போது சாகாமம் குளத்துத் தண்ணீர் வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு வரவில்லை. மேலே அரசாங்கத்துக்கு வேண்டியவர்களின் காணிகள். புரக்டர் நீர்ப்பாசனப் பொறியியலாளரை வெயிலில் வாய்க்கால் முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். காய்ந்த வயல்களின் பட்டியலை நான் எழுதினேன். ஒரு பெயரில் கை நின்றுவிட்டது.

"இவன் எங்கட போஸ்டரை எல்லாம் கிழிச்சவன், சேர்."

"நெல்லுக்கு அது தெரியுமா, நடராசா? எழுதுங்க."

மூன்றாம் நாள் எல்லா வயலுக்கும் தண்ணீர் பாய்ந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பிறர் யோசனையைக் கேட்கமாட்டார். கூட்டணி பேச வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். ஓர் ஆசனம் அப்படித்தான் கைநழுவியது என்று இன்றும் நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் தமிழர், முஸ்லிம்கள் என்று எங்கள் இரு சமூகங்களும் மோதிக்கொண்ட நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். என் அச்சகமும் எரிந்தது. வீடிழந்தவர்கள் பாடசாலையில் இருந்தோம். அங்கே ஒரு டிரக்டரில் அரிசி மூட்டைகளோடு அவர் வந்து இறங்கினார். போக வேண்டாம், அடுத்த முறை ஒரு வாக்கும் விழாது என்று அவருடைய ஆட்கள் மறித்திருக்கிறார்கள். எங்கள் இளைஞர்களும் வழிமறித்தார்கள்.

"உங்கட ஆக்கள் செஞ்சதப் பாக்கவா வந்தீங்க?"

"ஓம். பாக்காம எப்பிடி மனே அங்க போய்க் கதைக்கிற?"

பகல் முழுக்க வாங்கில் அமர்ந்து, எரிந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்த தன் ஊராரிடம் அந்தத் தாளை வாசித்தார். "அவங்க செஞ்சதும் பிழை, நாம செஞ்சதும் பிழை" என்றார். கூட்டம் கலைந்துபோனது. கட்சியில் பாதிப்பேர் விலகினார்கள். அடுத்த தேர்தலில் அவருடைய சொந்த வட்டாரமே அவரைக் கைவிட்டது. முடிவு வந்த அன்று நான் அழுதேன். "அரசாங்கத்த மட்டும் எதிர்க்கிறதுக்கு எதிர்க்கட்சி என்னத்துக்கு? நம்மட ஆக்களையும் எதிர்த்துக் கதைக்கோணும்" என்று சொல்லிவிட்டுத் தலைமைப் பதவியை விட்டு விலகும் கடிதத்தை என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை.

மௌத்துச் செய்தி கேட்ட அன்று பின்னேரம் அவருடைய ஜனாஸாவைச் சுமந்துகொண்டு வீதிக்கு வந்தபோது ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவருடைய மகன் என்னைக் கண்டுவிட்டு, "மாமா, வாங்க, தோள் குடுங்க" என்றார். அடக்கம் செய்யும் மையவாடியின் வாசல் வரைக்கும் சுமந்தேன்.

போன அறுவடைக்கு, வயலுக்குப் போன முஸ்லிம் கமக்காரர்களின் டிரக்டரை எங்கள் ஊர்ப் பொடியன்கள் சந்தியில் மறித்தார்கள். நான் போய் நடுவில் நின்று, "விடுங்கடா, இது பிழை" என்றேன். "நீங்க யாருடைய ஆள்?" என்று ஒருவன் கேட்டான். டிரக்டருக்கு முன்னால் நகராமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் வழி விட்டார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நிற்றல்தான்.