எறும்பு மரத்தில் ஏறிய காலை

என் கையெழுத்து கோட்டில் நிற்காது. எந்த ல, எந்த ள என்று எனக்கே சந்தேகம். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாற்பத்தேழு வயதில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுத மனு போட்டிருக்கிறேன். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறாள் அக்கா. இன்று இதை எழுதுகிறேன்.

அப்பா நாகரசம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பில் காவல் இருந்தார். தோப்புக்குள்ளேயே வீடு. ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த சித்தப்பா, ஒரு பிள்ளையைத் தன்னோடு வைத்துப் படிக்கவைப்பதாகச் சொன்னார். அவருடையது ஒற்றை அறை வீடு. இரண்டு பேருக்கு இடமில்லை. பையன் என்பதால் நான்தான் என்று யாரும் பேசாமலே முடிவாயிற்று. ஐந்தாவது முடித்த அக்கா ஒரு வருடமாக வீட்டில் இருந்தாள். என் புத்தகங்களை என்னைவிட அவள்தான் அதிகம் படித்தாள்.

எனக்கோ போக இஷ்டமில்லை. நிழலில் படுத்திருப்பது, கிளி விரட்டுவது, வெடித்த பழத்தைத் தின்பது. இதை விட்டுவிட்டு யார் போவார்கள்?

சித்தப்பா வந்த காலையில் ஓடிப்போய் ஒரு மரத்தில் ஏறிக்கொண்டேன். காவல்காரர் மகன் செய்யக்கூடாத தப்பு, மேலே பார்க்காமல் ஏறியது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டியிருந்த செவ்வெறும்புகள் கால்சட்டைக்குள் புகுந்தன. கத்தினால் மாட்டிக்கொள்வேன். நான் நெளிந்ததில் நாலைந்து காய்கள் தொப்பென்று விழுந்தன.

அப்பா நேராக அந்த மரத்தடிக்கே வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பின்னாலேயே சித்தப்பா.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணா. எங்க போய்த் தொலஞ்சான் உன் மவன்?”

“தெரியலையேடா.”

“மேல என்னமோ ஆடுது பாரு.”

“கொரங்கா இருக்கும்.”

“கொரங்குன்னா ஓட்ட வேண்டியதுதான? நல்ல காவக்காரன் நீ!”

“தின்னுட்டுப் போவட்டும். இந்த பஸ்ஸ வுட்டா சாயந்திரந்தான். பெரியவ குளிச்சுத் தல வாரி நிக்கறா. அவளக் கூட்டிக்கிட்டுப் போ.”

“பொட்டப்புள்ளயவா?”

“ஒரு புள்ளன்னுதான சொன்ன? அவளும் புள்ளதான்.”

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அக்கா அவருக்கு முன்னால் ஓடுவது மேலிருந்து தெரிந்தது. பஸ் சத்தம் அடங்கியபின் அப்பா எழுந்து, மேலே பார்க்காமலே நடந்தார். மகனைக் குரங்கு என்று நம்பிவிட்டாரே என்று, வீங்கிய உடம்போடு நான் சிரித்தேன்.

அக்கா இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். “ஓடுனது போதும்டா, கொஞ்ச நாள் சும்மா உக்காரணும்” என்கிறாள். மாங்கூழ் ஆலையில் பெட்டி அடுக்கியே நிம்மதியாக இருந்த எனக்கு இப்போது அந்தப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் போர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட ஆசை. எட்டாவது இருந்தால் பழக்கிவிடுவார்களாம். “நீ ஓடு, நான் உக்காந்து வேடிக்க பாக்கறேன்” என்று சிரிக்கிறாள்.

அப்பா அங்கே வந்து உட்கார்ந்திருக்காவிட்டால் எறும்புக்கடி தாங்காமல் நான் எப்போதோ இறங்கியிருப்பேன். அக்கா பஸ் ஏறும்வரை நான் இறங்கிவிடக்கூடாது என்றுதான் அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அது மரத்தின்மேல் இருந்தவனுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி 12, ஞாயிற்றுக்கிழமை.