என் சம்பளம் எந்தக் கட்டத்தில்?

சென்னையிலிருந்து வந்த அந்த மனிதரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். மற்ற கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தின் விற்பனைக்காரர். கசங்காத சட்டை, கனத்த கண்ணாடி. எதைக் கேட்பதற்கு முன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீஸ் மீன் வியாபாரிகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறது. எங்கள் புரோகிராமர்கள் மூன்று பேரையும் அனுப்பிவிட்டு வேலையை வெளியே கொடுத்தால் செலவு பாதிதான் என்று எக்செல்லில் நிரூபித்திருந்தேன். அதை அவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அவர் எங்கள் பில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கூறுன்னு போட்டிருக்கே, எத்தனை கிலோ சார்?"

"கிலோ எல்லாம் கெடையாது சார். கண்ணால பாத்துக் குவிச்சு வைக்கிறதுதான். எங்க பசங்க மீனவர் வீட்டுப் புள்ளைங்க, சொல்லவே வேணாம்."

"எங்க ஆளுங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

"நான் சொல்லிடறேன்."

மறுபடியும் துடைத்தார். "அப்ப உங்க சம்பளம் இந்த ஷீட்ல எங்க வருது?"

"நான் சும்மா மேற்பார்வைதான சார்" என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பசங்கள் மூன்று பேரும் போய்விட்டார்கள். இப்போது நாள் முழுக்க வீடியோ காலில் சென்னை ஆட்களுக்குக் கூறுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று பெரிய மார்க்கெட்டில் நின்று நெத்திலிக் குவியலைப் படம் பிடித்து அனுப்பினேன். விற்க வந்தவர் எதற்காக என்னை எச்சரித்தார் என்பது இன்னும் விளங்கவில்லை. முதலாளி அந்த ஷீட்டை மறுபடி திறக்காதவரை எனக்கு வேலை உண்டு.