முத்துவுக்கு அத்தை கட்டிய அரைஞாண்

பட்டினப்பாக்கம் மீன் சந்தையில் மீன் வெட்டுகிற மணிமொழிக்குக் கட்டைக்குரல். புதுசாக வந்த எவனாவது, "இன்னாக்கா, ஆம்பள தொண்ட கீது உனக்கு?" என்று நக்கலடித்தால், அருவாமணையிலிருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டாள். "நீ மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்பாள். சுற்றியிருக்கும் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். கேட்டவன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அடையாற்றங்கரைக் குடிசைகளை இடித்து எல்லோரையும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியபோதும், "மீனு இங்க கீது, நான் அங்க போயி இன்னாத்த வெட்றது?" என்று நொச்சி நகரில் ஓர் அறை பிடித்துத் தங்கிவிட்டவள் அவள். அம்மா கன்னியம்மாவும் தம்பி சக்திவேலும்தான் பெரும்பாக்கம் போனார்கள்.

தம்பிக்குத் தாய்மாமன் தங்கவேலின் மகள் மதுமதியையே கட்டிவைத்திருந்தார்கள். தலைப்பிரசவம், மதுமதி மயிலாப்பூர் பல்லக்கு மாநகரில் அப்பா வீட்டில் இருந்தாள். குழந்தை பிறந்து ஒரு மாதமாகியும் தொட்டில் போடுகிற பேச்சே எழவில்லை. அவர்கள் பக்கம் தொட்டில் என்றால், குழந்தையை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பொட்டுத் துணியில்லாமல் மணையில் கிடத்துவார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் பார்க்க, அப்பாவோடு பிறந்த அத்தை அதன் இடுப்பில் கறுப்பு அரைஞாண் கட்டிக் காதில் பேர் சொல்ல வேண்டும். அத்தை கட்டாத கயிறு கயிறே இல்லை என்பது பேச்சு. இருக்கிற ஒரே அத்தை மணிமொழி. அவளோ குழந்தையை முகம் மட்டும்தான் பார்த்திருந்தாள். எப்போது போனாலும் யாராவது ஒருவர் அதைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலை வியாபாரத்துக்கு நடுவே சக்திவேல் போன் செய்தான்.

"யக்கா, கொழந்தைக்குக் குடலெறக்கமாம். சின்ன ஆபரேஷன்தான். சனிக்கெழம. அத முடிச்சிட்டுத் தொட்டில் வெச்சிக்கலாம்னு மாமா சொல்றாரு."

மணிமொழியின் கை பாதி வெட்டிய வஞ்சிரத்தின் மேலேயே நின்றுவிட்டது. குடலிறக்கம்! இதே வார்த்தையைச் சொல்லித்தானே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவளையும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்? ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. வெளியே இருந்ததைக் குறைத்தார்கள், உள்ளே இருந்ததை எடுத்தார்கள். எடுத்தது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு எலும்பு வலி தாங்காமல் போன இடத்தில் ஒரு டாக்டரம்மாதான் உட்காரவைத்து விளக்கினார். அவள் உடம்பு ஆண், பெண் என்ற இரண்டு அச்சிலும் அடங்காமல் பிறந்த உடம்பு, அதில் நோய் என்று எதுவும் இருந்ததில்லை, எடுத்ததுதான் இன்றைய வலிக்குக் காரணம், ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டும். அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். அப்புறம் அடையாறில் தன்னைப் போன்றவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போனாள். ஊடுபால் என்று ஒரு பேர் இருப்பதே அங்கேதான் தெரிந்தது. அதோடு அழுகையை நிறுத்திவிட்டாள். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசினாள். அதனாலேயே கன்னியம்மா அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

கையில் ஒட்டிய செதிளோடு மணிமொழி பல்லக்கு மாநகருக்குப் போய் நின்றாள். வீட்டில் எல்லோரும் இருந்தார்கள்.

"மாமா, முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத. கொழந்த என்ன மாதிரி பொறந்துகீது. அப்டித்தானே?"

தங்கவேல் ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேருக்குப் பஞ்சாயத்து பண்ணுகிறவர். எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா பேசு. உன்ன மாதிரி ஆயிடக்கூடாதுன்னுதான் பாடுபடறேன். ஊருக்கு வெளிய ஒரு கிளினிக்கு கீது. குடலெறக்கம்னு எழுதிக்குவாங்க. ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏன் அப்டி எழுதணும்? கொழந்தைங்கள இப்டி வெட்டக்கூடாதுன்னு தமிழ்நாட்ல தடை கீது. உசுருக்கு ஆபத்துன்னாதான் கை வெக்கலாம். உசுருக்கு இன்னா ஆபத்து இப்போ?"

மதுமதி முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஒண்ணுமில்ல அண்ணி. பொறந்த எடத்துல டாக்டரே சொன்னாரு. நல்லா பால் குடிக்குது, நல்லா ஒண்ணுக்குப் போவுது, அப்டியே வுடுங்கன்னாரு."

"நீ சும்மா இரு," என்றார் தங்கவேல். "தொட்டில் அன்னிக்கு துணியில்லாம போட்டு கயிறு கட்டுவாங்களே, தெருவே பாக்குமே, அப்போ இன்னா சொல்லுவ?"

கன்னியம்மா மூலையிலிருந்து முனகினாள். "உனக்கு நல்லதுக்குத்தான்டி அன்னிக்குப் பண்ணோம். நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னு."

மணிமொழிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "செத்த மீன வெட்றதுக்கே நான் வாங்கனவங்கள கேக்கறேன், வறுவலுக்கா கொழம்புக்கான்னு. உசுரோட இருந்த என்ன எவம்மா கேட்டான்? கண்டவன் சிரிப்பான்னு என் ஒடம்ப அறுத்தியே, இப்போ எவன் சிரிக்காம கீறான்? சொல்லு!"

சக்திவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் மாமனார் இருமினால்கூட எழுந்து நிற்கிற நல்லவன். அவனை நம்பினால் கதைக்கு ஆகாது.

சனிக்கிழமைக்கு முன்னாலேயே தெருவுக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் வெட்டி மறைக்க என்ன இருக்கிறது? மணிமொழி நேரே மாட வீதிக்குப் போனாள். வெற்றிலையும் பாக்கும் வாங்கினாள், ஒரு முழம் கறுப்புக் கயிறும் வாங்கினாள். சாயங்காலமே திரும்பி வந்து, அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். "வெள்ளிக்கெழம எங்க கொழந்தைக்குத் தொட்டில். அத்த நான் கூப்புடறேன், வந்துடுங்க." குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கைக் கையில் வைத்துவிட்டாள். அந்தத் தெருவில் வெற்றிலை கை மாறிவிட்டால் மாறியதுதான். அப்புறம் விசேஷத்தை நிறுத்த ஒரே வழி வீட்டில் சாவு விழுவது. தங்கவேலுக்குச் சேதி தெரிந்தபோது பாதித் தெரு புடவை எடுத்து வைத்துவிட்டது. மனுஷன் தலையில் அடித்துக்கொண்டார். "பேய்க்கு வாக்கப்பட்ட மாதிரி இதோட மாட்னேனே!" என்று கத்தினார். கத்தட்டுமே.

வெள்ளிக்கிழமை வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. உள்ளே எள் விழ இடமில்லை. மதுமதி குழந்தையைக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி எடுத்துவந்தாள். பெண்கள் கழுத்தை நீட்டினார்கள். "இன்னா கொழந்தடி? ஒரு மாசமா வாயே தொறக்கல நீங்க. துண்ட எடு, பாப்போம்!"

அந்த நிமிஷம்தான் மணிமொழிக்கே உறைத்தது. அட, நாம் என்ன காரியம் செய்துவைத்தோம்! வெட்டக் கூடாது என்பதற்காக ஊரைக் கூட்டி, கடைசியில் அந்தப் பிஞ்சு உடம்பை ஊருக்கு விரித்துக் காட்டப் போகிறோமா? வெட்டியவர்கள் அவளைக் கேட்கவில்லை. இப்போது அவள் மட்டும் இந்தக் குழந்தையைக் கேட்டாளா?

மணையில் கிடத்தப் போன மதுமதியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "துண்டு இருக்கட்டும்."

"அது எப்டி? மொற இன்னா, கயிறு எப்டிக் கட்டுவ?" என்றாள் ஒருத்தி.

"இப்டித்தான்." குழந்தையைத் துண்டோடு மடியில் வாங்கினாள். உள்ளே கையை விட்டு, தடவிப் பார்த்து இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டாள். துண்டு ஓர் அங்குலம் விலகவில்லை. "ஆம்பளையா பொம்பளையான்னு தானே கேக்கறீங்க? ரெண்டு மாதிரியும் இல்லாம பொறந்துகீது, என்ன மாதிரி. ஒளிக்க ஒண்ணுமில்ல. ஆனா இது மீனு கெடையாது, தொறந்து காட்டறதுக்கு. இது அதோட ஒடம்பு. பெரிசாயி, அது யாருன்னு அது சொல்லும். அப்போ கேட்டுக்கோங்க."

ஒரு கிழவி, "நல்லாத்தான் சொல்லுது பொண்ணு," என்று முணுமுணுத்து, தன் பங்குக்குக் குழந்தையின் நெற்றியில் மஞ்சளைத் தடவினாள். மணிமொழி குனிந்து அதன் காதில் மூன்று முறை பேர் சொன்னாள்: முத்து. ஆணுக்கும் வைக்கிற பேர், பெண்ணுக்கும் வைக்கிற பேர். எது வேண்டுமானாலும் ஆகட்டும், அதன் இஷ்டம்.

பந்தி முடிந்து தெரு கலைந்தது. அதுவரை வாயை இறுக்கி மூடியிருந்த தங்கவேல் எழுந்தார். "நாடகமெல்லாம் முடிஞ்சிதா? தெருவுக்குத் தெரிஞ்சா இன்னா, வண்டி சொல்லிட்டேன். காலையில கெளம்பறோம்."

"நான் வரல நைனா," என்றாள் மதுமதி. குழந்தையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். குரல்தான் உள்ளே போய்விட்டது.

"உன்ன யாரு கேட்டா? டேய் சக்தி, கொழந்தய வாங்கு."

சக்திவேல் எழுந்தான். எழுந்தவன் மாமனாரைப் பார்த்தான், மதுமதியைப் பார்த்தான், அப்படியே நின்றான். மணிமொழி அவனுக்கும் குழந்தைக்கும் நடுவே போய் நின்றாள்.

அப்போதுதான் மூலையிலிருந்த கன்னியம்மா பேசினாள். மகளின் முகத்தைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததைக் கேட்டாள்.

"அன்னிக்கு வலிச்சுதாடி?"

"வலிச்சுதும்மா. ரொம்ப வலிச்சுது. உன்னத்தான் கூப்ட்டேன். நீ வரல."

"காதுல வுழுந்துச்சு," என்றாள் கன்னியம்மா. "உள்ள போவாதன்னு புடிச்சி வெச்சிருந்தான், இதோ நிக்கிற என் தம்பி."

சுவரைப் பிடித்து எழுந்தாள். தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

"டேய் தங்கவேலு. வண்டிக்காரனுக்குப் போனப் போடு. வர வேணாம்னு சொல்லு. நான் கேக்கற மாதிரி சொல்லு."