சென்ட்ரல் ஏசியில் ஒரு விசில்

எங்கள் வீட்டில் சென்ட்ரல் ஏசி வைத்தது குளிருக்காக அல்ல, ஊர் பார்ப்பதற்காக. என் கணவர் பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை நடத்துகிறார். பட்டறையை ஒட்டியே புது வீடு கட்டி, சீலிங்குக்குள் டக்ட் குழாய் இழுத்து, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களை அறை அறையாகக் கூட்டிப்போய் காற்று வரும் ஓட்டையைக் காட்டினார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

குடிவந்த கொஞ்ச நாளிலேயே மகளுக்கு இருமல் தொடங்கியது. நான்கு வயதுப் பிள்ளை. சளி மருந்து கொடுப்போம், குறையும், மறுபடி வரும். அவள் அறையில்தான் அந்தச் சத்தமும். டக்ட்டுக்குள் ஒரு கடகடப்பு, கூடவே மெல்லிசாக, இழுத்து இழுத்து ஒரு விசில். தறிச் சத்தத்துக்கு நடுவே அது வருவதும் போவதுமாக இருக்கும். ஏசி எதையோ கக்கித்தான் பிள்ளைக்கு ஆகவில்லையோ என்று நினைத்தேன்.

“ஏனுங்க, பாப்பா ரூம்ல ஏசி விசிலடிக்குதுங்க.”

“ஏசின்னா சத்தம் வரத்தான் செய்யும் புள்ள. சும்மா தொணதொணன்னு உசுர வாங்காத.”

இந்த மனிதருக்கா காது மந்தம்? பட்டறைக்குப் போகும் நடைக்கதவு எந்நேரமும் திறந்தே கிடக்க வேண்டும், சாத்தினால் சண்டை. அத்தனை தறிகளில் ஒன்று நின்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சோற்றில் வைத்த கையோடு எழுந்து ஓடுவார். அந்தக் காதுக்குப் பெற்ற பிள்ளையின் அறையில் நடப்பது மட்டும் கேட்காதாம். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை ஃபேன் மோட்டாரை மாற்றினார், அடுத்த தடவை கேஸ் நிரப்பினார். இரண்டு தடவையும் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். விசில் இல்லை. “எல்லாம் உம்பட மனப்பிராந்தி” என்றார் என் கணவர். சாயங்காலம் மகள் வந்து படுத்தாள், விசிலும் வந்துவிட்டது.

மூன்றாம் தடவை மெக்கானிக் வந்த அன்று அவள் முடியாமல் வீட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஏணியில் நின்றபடி, “தறியக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கக்கா. காது குடுத்துக் கேட்டாத்தான் புடிக்க முடியும்” என்றார்.

போய் என் கணவரிடம் கேட்டேன். “ஆயுத பூசைக்கும் சாவுக்கும் தவிர எம்பட பட்டறை நின்னதில்ல. ஏசி விசிலடிக்குதுன்னு நிறுத்துனா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

பட்டறைக்குள் புகுந்து தறிகளின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன்.

ஊரே அடங்கினாற்போல் ஆனது. தறிக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். “கிறுக்கு புடிச்சிருச்சா உனக்கு?” என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மெக்கானிக் அதற்குள், நடைக்கதவுக்கு மேலே ஏசி காற்றை உறிஞ்சும் சல்லடை மூடியைக் கழற்றியிருந்தார். மெத்தையில் அடைத்தது போல அவ்வளவு பஞ்சு. “கதவு தொறந்தே கெடந்தா பட்டறைப் பஞ்செல்லாம் இது வழியா உள்ள போயிருமுங்கக்கா. ஃபேன்ல மாட்டித்தான் கடகடங்குது. விசிலும் இதாத்தான் இருக்கும்” என்று ஏசியை நிறுத்திவிட்டு மகளின் அறைக்குள் வந்தார்.

கடகடப்பு நின்றது. விசில் நிற்கவில்லை.

மெக்கானிக் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தார். என் கணவரும் அண்ணாந்து பார்த்தார். நான் கட்டிலைப் பார்த்தேன். மகள் மூச்சு விடும்போதெல்லாம் அந்த விசில் வந்தது. இழுக்கும்போது கழுத்துக்குக் கீழே குழி விழுந்தது. அத்தனை நாளும் சத்தம் போட்டது அவள் நெஞ்சு.

“ஒரு தறி நின்னாக் கேக்குதுங்களே, இது கேக்கலீங்களா உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“எந்திரி சாமி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்று மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவர் கார் சாவி எடுத்துவருவதாக உள்ளே போனார். வாசல் கேட்டருகே, என் காதோரம் பிள்ளையின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, கார் வரும் என்று நின்றேன்.

கார் வருவதற்கு முன்னால் பட்டறையில் தறிகள் ஓட ஆரம்பித்தன.