பார்வதி அத்தை குரல் கொடுத்த மோசடிக் கும்பல்

காலை பத்து நாற்பதுக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, உலை வைக்க நேரமிருக்கிறதே என்று கடிகாரத்தைப் பார்த்தேன். கைப்பேசி அடித்தது.

ஓர் ஆண் குரல் என் பெயரைச் சொன்னது. என் மகள் கயலின் பெயரையும் அவள் படிக்கும் கல்லூரியையும் சொன்னது. போலீஸ் என்றது. கயலும் தோழிகளும் போதைப்பொருளோடு பிடிபட்டிருக்கிறார்களாம். எதிரில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளாம். பிறகு ஓர் அழுகை கேட்டது. நடுவில் “அம்மா” என்ற ஒரே ஒரு சொல். அழும்போது பெண் பிள்ளைகளின் குரல் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

கதவைத் தாழ் போடச் சொன்னார்கள். இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது, விட்டால் பிள்ளையின் படிப்பு போய்விடும் என்றார்கள். தாழ் போட்டேன். சிரிக்காதீர்கள். இந்த மாதிரி அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் எச்சரிக்கை அனுப்பியவளே நான்தான். ஆனால் அன்று கயலுக்குச் செய்முறைத் தேர்வு, கைப்பேசியை அணைத்து வைத்திருப்பாள். கணவர் கப்பலூர் கம்பெனியில் ஷிப்டில் இருந்தார். அங்கே கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சமயநல்லூர் வீட்டில் நானும் அந்தக் குரலும்தான்.

மேலதிகாரி வருகிறார், லைனிலேயே இருங்கள் என்றார்கள். காத்திருந்தேன். வயர்லெஸ் கரகரத்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அதற்கெல்லாம் அடியில் ஏதோ ஓர் இயந்திரம், பழைய மின்விசிறியோ என்னவோ, டடக் டடக்கென்று ஓடிக்கொண்டே இருந்தது. பயந்த மனசுக்கு ஒழுங்கு கிடையாது. பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்று பதற வேண்டிய நேரத்தில், அது அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு செல்லூருக்கு ஓடிவிட்டது.

அங்கே நான் பிறந்து வளர்ந்த சந்தில் இரண்டு பக்கமும் விசைத்தறிகள். பேசினால் காதில் விழாது. அதனால் எங்கள் ஆட்கள் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அதில் பெரிய கை பார்வதி அத்தை. கிழவரிலிருந்து கைக்குழந்தை வரை சந்தில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். பத்தடி தள்ளி நின்று இரண்டு பேர் முணுமுணுத்தாலும் அத்தைக்குத் தெரிந்துவிடும். புதிதாகக் கல்யாணமானவர்கள் அவள் வாசலைக் கடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

சந்திலேயே முதல் டி.வி. அவள் வீட்டில்தான். வாரம் ஒரு மாலை அதில் ஒரு தொடர் வரும். கண்ணாடி போட்ட தலைவர், வாரத்துக்கு ஒரு வேஷம் கட்டும் பெண், எந்தப் பூட்டையும் திறந்துவிடும் குண்டு மனிதர் என்று மூன்று பேர் சேர்ந்து பணக்காரர்களை ஏமாற்றும் கதை. ஏமாற்றும் கதை என்று இப்போது சொல்கிறேன். அப்போது எங்களுக்கு அது தெரியாது. தறிச் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது. அத்தைதான் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதடுகளைப் பார்த்துப் பார்த்து எங்கள் பக்கம் திரும்பிச் சொல்வாள். தொண்டை கிழியக் கத்துவாள்.

சிக்கல் என்னவென்றால், அது இந்தியில் எடுத்துத் தமிழில் குரல் மாற்றிய தொடர். உதடுகள் பேசியது இந்தி. அத்தை படித்தது தமிழ்.

அவள் கணக்கில் அந்த மூவரும் மாறுவேடப் போலீஸ். குண்டருக்கு ஏட்டு பதவியும் கொடுத்திருந்தாள். தலைவர் பீரோவைக் காட்டி ஏதோ சொன்னால் அத்தையின் வாயில் அது, “ஏட்டய்யா, வெரசாத் தொறங்க, உள்ள கடத்தல் சரக்கு இருக்கு. நேரமானா எங்க ஆத்தா வையும்” என்று வரும். தலைவருக்கு ஓர் ஆத்தா இருப்பதே தொடரை எடுத்தவருக்குத் தெரிந்திருக்காது.

தறி ஓட்டும் முருகேசன் அண்ணனுக்கு மட்டும் சந்தேகம். “ஏன் அத்த, போலீசுன்னா எதுக்குப் போலீஸப் பாத்து ஓடுறாங்க?”

“அது வேற ஸ்டேஷன் போலீசு மாப்ள. ரெண்டு ஸ்டேஷனுக்கும் ஆகாது.”

சந்து ஏற்றுக்கொண்டது. நான் பெரியவளானதும் போலீஸாக வேண்டும் என்று ஆசைப்பட்டதே அந்தத் தொடரைப் பார்த்துத்தான்.

ஒரு முறை நூல் விலை ஏறிவிட்டதென்று தறிகளை நிறுத்திப் போட்டார்கள். சந்து சத்தமில்லாமல் கிடந்தது. அந்த வாரம் டி.வி. முதன்முதலாகப் பேசியது. கண்ணாடிக்காரர் சுத்தமான தமிழில், இந்த விதவையை ஏமாற்றிவிட்டால் வீடு நமக்குத்தான் என்றார். ஏட்டு சிரித்தார். பிறகு எல்லாத் தலைகளும் அத்தை பக்கம் திரும்பின.

அத்தை கலங்கவே இல்லை. “சத்தத்த நம்பாதீங்கப்பா. வாய் ஒண்ணு பேசுது, சத்தம் ஒண்ணு வருது, பாக்குறீங்கள்ல? எவனோ பின்னால உக்காந்துக்கிட்டு அவங்க பேரக் கெடுக்குறான்.”

முருகேசன் அண்ணன் எழுந்து போய்ச் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். “நீ சொல்லு அத்த.”

தறி ஓடாத அந்த வாரத்தில்கூட எங்களுக்கு அத்தையின் கதைதான் வேண்டியிருந்தது. அதில் விதவையின் வீட்டைப் போலீஸ் காப்பாற்றிக் கொடுத்தது.

இத்தனையும் நினைவுக்கு வந்தும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள். சந்தில் பாதித் தறிகள் இல்லை. வீட்டுக்கு வீடு டி.வி., ஆளுக்கு ஆள் கைப்பேசி. அன்று ஏமாந்தாலும் சந்தோடு சேர்ந்து ஏமாந்தோம். குறுக்குக் கேள்வி கேட்க ஒருவர் இருந்தார், எழுந்து போய்க் குமிழைத் திருக ஒரு கை இருந்தது. இப்போது அடுத்த வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். சுவரைத் தட்டினால் கேட்டிருக்கும். தட்டத் தோன்றவில்லை.

வெகுநேரம் கழித்து மேலதிகாரி வந்தார். தன்மையாகப் பேசினார். பிள்ளையை வழக்கில் சேர்க்காமல் விட வழியிருக்கிறது என்று சொல்லி, வீட்டில் என்ன நகை இருக்கிறது என்று கேட்டார். சொல்லிக்கொண்டிருந்தேன். வாசல் கதவு தட்டப்பட்டது. விடாமல் தட்டப்பட்டது.

“அம்மா, கதவத் தொற. எம்புட்டு நேரமாத் தட்டுறது?”

அதிகாரிக்கும் கேட்டுவிட்டது. திறக்காதீர்கள், உங்கள் மகள் குரலில் பேசி உள்ளே நுழையும் கும்பல் அது, உங்கள் மகள் இங்கேதான் இருக்கிறாள் என்றார். எழுதக் கூச்சமாக இருக்கிறது, தாழ்ப்பாளில் கை வைத்தபடி ஒரு கணம் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் என் மகள். இரண்டு பக்கமும் “அம்மா.”

திறந்தேன். தேர்வை முடித்துவிட்டு வந்த கயல் வியர்த்து விறுவிறுத்து, ஆய்வகக் கோட்டைத் தோளில் போட்டபடி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். அதை வாங்கிக் காதில் வைத்தாள். உங்க பொண்ணு எதிர்லதான் உக்காந்து அழுகுறா என்று அந்த ஆள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. அவள் இன்னொரு கையால் என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“சார், நான்தான் கயல். அழுது முடிச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். எங்கம்மாவ இனி நான் பாத்துக்கிறேன், நீங்க வைங்க.”