அக்காவின் முகமும் என் மகளின் தோலும்

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே கரப்பான் உண்டு. முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் தடித்திருக்கும். சொறிந்தால் நீர் வடியும். ஓடைப்பட்டியில் அய்யாவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பந்தலுக்கு மருந்தடிக்கும் நாட்களில் அவளை அந்தப் பக்கமே விடமாட்டார். எழுபதுகளின் தொடக்கத்தில் கரப்பான் அவள் முகத்துக்கும் ஏறியது. அந்த நேரம் பார்த்துத்தான் போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம் பெண் கேட்டு வந்தது.

அய்யா தேனிக்குப் போய் ஒரு மருந்துக்கடையில் விஷயத்தைச் சொல்லி, சின்னக் குழாயில் அடைத்த வெள்ளைக் களிம்பு ஒன்று வாங்கிவந்தார். டாக்டர் சீட்டு எதுவும் அவர்கள் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அக்காவின் முகம் துடைத்துவிட்டது போல ஆயிற்று. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணம் நிச்சயமானது.

கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா களிம்பை விடவில்லை. இரண்டு நாள் பூசாவிட்டால் முகம் சிவந்து எரிந்தது. அதனால் தினமும் காலையில் அதைப் பூசி, மேலே பவுடர் போட்டுக்கொண்டாள். எத்தனை நாள் பூசலாம், எங்கே பூசக் கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமாவே மருந்துக்கடையிலிருந்து வாங்கிவந்து கொடுப்பார்.

சில வருடங்களில் அவள் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்தது. சிவப்பு நரம்புகள் பின்னல் பின்னலாக வெளியே தெரிந்தன. பூனை மயிர் வளர்ந்தது. பயந்துபோய் ஒரு நாள் அடியோடு நிறுத்தினாள். முகம் வீங்கி, நெருப்பில் காட்டியது போலச் சிவந்து, நீர் கோத்துக்கொண்டது. மாமியார் அதைத் தொத்து வியாதி என்று நினைத்துவிட்டார். "நல்லா ஆனதும் வரட்டும்" என்று சொல்லி ஓடைப்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு யாரும் கூப்பிட வரவில்லை.

அப்போது நான் ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என் கணவருக்கு லோயர் கேம்ப்பில், மின் நிலையத்தில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு நாலு வயது ஆனபோது முழங்கால் மடிப்பில் கரப்பான் வந்தது.

கம்பத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அப்போது அக்காவும் எங்களோடு வந்து இருந்தாள். என் கணவர் குழாயில் இருந்த எழுத்தைப் படித்து, "ஸ்டீராய்டுன்னு போட்டிருக்கே" என்றார். அக்கா பூசிவந்த குழாயிலும் அதே வார்த்தைதான் இருந்தது.

அக்கா முகத்தை மூடியிருந்த முந்தானையை விலக்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"வேணாம்டி. என் மூஞ்சியப் பாரு. இதுக்கு மேல உனக்கு என்ன அத்தாட்சி வேணும்?"

அந்த முகத்தைப் பார்த்து என் கணவர் குழாயை அலமாரியில் வைத்துவிட்டார். மூவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். களிம்பைத் திறக்கவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினோம். வேப்பிலை அரைத்துப் போட்டோம். மழைக்காலத்தில் அரிப்பு உடம்பெல்லாம் பரவியது. பிள்ளை சொறிந்து சொறிந்து படுக்கை விரிப்பில் ரத்தப் புள்ளிகள் விழுந்தன. என் கணவர் அவள் கைகளில் துணி சுற்றிக் கட்டினார். அவள் பல்லால் துணியைப் பிய்த்துவிட்டுச் சொறிந்தாள். புண்களில் மஞ்சளாகச் சீழ் கட்டி, காய்ந்து, பொருக்குத் தட்டியது. அக்கா வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றியபடி அழுவாள். ஆனாலும் களிம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் தலையை ஆட்டி மறுப்பாள்.

ஒரு நாள் காலையில் பிள்ளை எழுந்தபோது கண் இரண்டும் திறக்க முடியாமல் வீங்கியிருந்தன. கால்களும் வீங்கியிருந்தன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. மின் நிலையத்து ஜீப்பில் கம்பம் வரை போய், அங்கிருந்து கார் பிடித்து மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் என் மடியில் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தாள். அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

புண்ணில் சேர்ந்த கிருமியால் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டார்கள். உப்பை அடியோடு நிறுத்தினார்கள். வீக்கம் வடிய ஆரம்பித்த பிறகு, தோல் டாக்டர் வந்து பார்த்தார். நடுவயதுக்காரர், நிதானமாகப் பேசுபவர். புண் ஆறியதும் ஒரு களிம்பு பூச வேண்டும் என்றார். மறுபடியும் ஸ்டீராய்டுதான்.

"அது ஆபத்து இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க சார்? எத்தனை பேரைப் பாத்துச் சொல்றீங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கடுமையாகத் தெரிந்தது.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நல்ல கேள்விம்மா. கொஞ்ச வாரம், டாக்டர் கண்காணிப்புல பூசினவங்களைத்தான் நல்லா ஆராய்ஞ்சிருக்காங்க. அதுல பெரிய கெடுதல் இல்லை. வருஷக்கணக்கா பூசினா சின்னப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்னு கேட்டா, முழுசாத் தெரியாது. தெரியும்னு சொன்னா பொய். ஆனா பூசாம விட்டா என்ன ஆகும்னு இந்தக் கட்டில்ல நீங்களே பாக்குறீங்க."

அதுவரை கதவோரம் நின்றிருந்த அக்கா உள்ளே வந்தாள். "நான் பூசுனேன் டாக்டர்" என்று சொல்லி முகத்தைக் காட்டினாள்.

அவர் அவளை வெளிச்சத்துக்கு அழைத்துப் போய் வெகுநேரம் பார்த்தார். என்ன களிம்பு என்று கேட்டார். அவள் களிம்பின் பெயரைச் சொன்னாள்.

"இது ரொம்ப வீரியமானதும்மா. முகத்துல பூசவே கூடாது. பிள்ளைக்கு நான் எழுதுறது இதே வகையில ரொம்ப லேசானது. அதையும் சில நாள் பூசிட்டு நிறுத்திடணும். ரெண்டுக்கும் ஒரே குடும்பப் பேரு, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு ஏன் இத யாருமே சொல்லல?" என்றாள் அக்கா.

அக்காவின் முகத்தைப் பார்த்து, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தன் பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நான் மனசுக்குள் தராசு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தட்டில் அக்காவின் முகம், கண்ணெதிரே இருப்பது. இன்னொரு தட்டில் முன்பின் தெரியாத ஊர்களில் முன்பின் தெரியாதவர்களைப் பார்த்து எழுதிய முடிவுகள். வகுப்பில் பிள்ளைகளுக்கு, ஒரு சோதனையை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த ஒன்று கூடப்பிறந்தவளாக இருக்கும்போது என்ன செய்வது?

கடைசியில் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"பூசுடி. அந்தாளு தெரியாதத தெரியாதுன்னாரு பாரு. இம்புட்டு நாளா அப்படி ஒருத்தரும் எங்கிட்டச் சொன்னதில்ல."

லேசான களிம்பு, அதற்கு மேல் எப்போதும் வாசலின். பூசி நிறுத்தி, மறுபடி வந்தால் மட்டும் பூசினோம். மகளின் தோல் மெல்ல ஆறியது. உப்பில்லாச் சோற்றை அவள் பல மாதம் சாப்பிட்டாள். ஒவ்வொரு வேளையும் தட்டைத் தள்ளிவிட்டு அழுவாள். சிறுநீரகம் தேறிவிட்டது என்று மதுரையில் சொல்லும்வரை நான் ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் அவளை வெயிலில் நிறுத்தி, முழங்கால் மடிப்பில் தோல் மெலிகிறதா என்று பார்ப்பேன். மெலியவில்லை. எனக்குப் பயம் போகவுமில்லை.

அக்காவின் முகத்துக்கும் அந்த டாக்டரே வைத்தியம் பார்த்தார். எரிச்சலும் வீக்கமும் தணிந்தன. நரம்புகள் அப்படியே நின்றன. அடுத்த வருடம் மாமாவுக்கு வேறு பெண் பார்த்துக் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று போடியிலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டில் சொன்னார். அக்கா அப்போது என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "பொண்ணு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள். சின்னமனூர் என்று அவர் சொன்னார். அக்கா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள்.